ராஜுலா நின்ற துறைகள்

(உசிலம்பட்டியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப்பக்கம் யாராவது கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், "என்ன, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்கிறோம். வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்துவிட்டால் "மானம் கப்பலேறிப் போச்சு" என்கிறோம். உசிலம்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வானம் பார்த்த பூமி. ஆனாலும் நம் பேச்சில் கப்பல் இருக்கிறது. எப்படி வந்தது என்று நான் சில ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்று "துறைமுகங்கள்" பாடத்தை வகுப்பில் எப்படி நடத்தலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யோசனையிலிருந்தே தொடங்குகிறேன்.

துறைமுகப் பாடம் நம் வகுப்புகளில் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகவே போய்விடுகிறது. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று நம் மாநிலத்துப் பெருந்துறைமுகங்களைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் குறிப்பார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். "சரி, துறைமுகம்னா என்ன?" என்று கேட்டால் "கப்பல் நிக்கிற இடம் டீச்சர்" என்பதோடு முடிந்துவிடும். பேருந்து நிலையத்தைப் பற்றிக் கேட்டால் இதே பிள்ளைகள் அரைமணி நேரம் பேசுவார்கள். யார் வருவார்கள், யார் காத்திருப்பார்கள், யார் யாரை ஏற்றிவிட வந்து அழுவார்கள் என்று அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் அப்படி ஒரு மனிதரைக்கூட நாம் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

அதனால் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் ராஜுலா.

1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் நின்று, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வரை போய்த் திரும்பும். இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களில் பழைய தலைமுறையினரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "ராஜுலாவில் வந்தோம்" என்று சொல்லாத குடும்பம் குறைவு. இதே காலத்தில் கட்டப்பட்ட இதன் இணைக்கப்பல் ரோனா. 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானம் வீசிய குண்டால் மூழ்கி, அதிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ராஜுலா தப்பித்தது.

முதலில் கணக்குப் பாடம். ராஜுலாவின் கொள்ளளவு 8,478 டன். கப்பலுக்குச் சொல்லும் இந்த டன் எடையைக் குறிப்பதன்று, இடத்தைக் குறிப்பது. அந்தக் காலக் கணக்கில் 100 கன அடி ஒரு டன். தொடக்கத்தில் இந்தக் கப்பலில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒருவருக்கு 1.7 டன், அதாவது 170 கன அடி. பள்ளி மைதானத்தில் 6 அடி நீளம், 4 அடி அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, உயரம் 7 அடி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருவன் அதில் படுத்துப் பார்த்து, "பரவாயில்ல டீச்சர், போதும்" என்றான். "இதுக்குள்ளேயே இன்ஜினும் வரணும், சமையல்கட்டும் வரணும், சரக்கும் வரணும், முதல் வகுப்பு அறைகளும் வரணும்" என்றதும் எழுந்துவிட்டான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கப்பலை வைத்தோம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அவர்கள் தொடங்கி வைத்த சொகுசுக் கப்பல் சேவை நினைவிருக்கும். கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல். அதன் கொள்ளளவு 48,000 டன்னைத் தாண்டும், பயணிகள் 2,000-க்கும் குறைவு. ஒருவருக்கு 24 டன்னுக்கு மேல் வருகிறது. டன் கணக்கிடும் முறை இடையில் மாறியிருப்பதால் இது துல்லியமான ஒப்பீடு ஆகாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 1.7-க்கும் 24-க்கும் உள்ள தூரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாமல் போகாது.

அடுத்து வரைபடம். ஒரு சிவப்பு நூலை எடுத்துச் சுவர் வரைபடத்தில் சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஓட்டினோம். நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது, ஆழம் போதாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்கள் படகில் போய் ஏற வேண்டும். 1928-இல் மதுரை–போடி ரயில் பாதை போடப்பட்ட பிறகு, உசிலம்பட்டியில் ரயில் ஏறியவர் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாகவே நாகைக்குப் போய்விடலாம். மலாயாவுக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களைத் தங்கவைக்க நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டு போய் அங்கே விடுவார். அந்த முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது.

நாகையிலிருந்து நூல் கிழக்கே போகிறது. நிக்கோபாரின் தென்முனைக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் நுழைந்து மலாக்கா நீரிணைக்குள் இறங்க வேண்டும். அந்தத் தென்முனைதான் நாம் ஒரு மதிப்பெண் வினாவில் கேட்கும் இந்திரா முனை. "அட, அதுவா டீச்சர் இது!" என்று ஒரு குரல் வந்தது. அந்த ஒரு குரலுக்காகவே இந்த நூலை ஓட்டலாம். நாகை ஏறத்தாழ 80 பாகை கிழக்குத் தீர்க்கத்தில் இருக்கிறது, பினாங்கு 100 பாகையில். 20 பாகைக்கு 80 நிமிடம். கடலில் சில நாள் போகும்போது கடிகாரத்தை எப்படித் தள்ளி வைப்பார்கள் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். தீர்க்கக்கோடும் நேரமும் என்ற பாடத்தை நான் தனியாக நடத்தவில்லை.

பினாங்குக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் நகரில் சூலியா தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே சூலியா என்று அழைத்தார்கள். அந்தத் தெருவில் நாகூர் ஆண்டவரின் நினைவாக ஒரு தர்கா இருக்கிறது. அருகே குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் 1828-இல் தொடங்கிக் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. கப்பல் ஏறும் முன் நாகூரில் வேண்டிக்கொண்டவர்கள், இறங்கிய இடத்திலும் நாகூரை வைத்துக்கொண்டார்கள். துறைமுகத்தை இப்படிப் படித்தால் மறக்காது.

போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். அதை அறிவியல் ஆசிரியரிடம் விட்டுவிட்டேன். 1901-இல் அந்தத் துறைமுகத்தைத் திறந்தார்கள். சதுப்பு நிலம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவித் துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, கொசு பெருகும் இடங்களை ஒழித்துக் காட்டிய பிறகுதான் அது நிலைத்தது. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஓர் அறிவியல் கண்டுபிடிப்பு எவ்வளவு வேகமாக ஒரு துறைமுகத்தைக் காப்பாற்றியது என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் இரண்டு பாடவேளை நடத்தினார்.

இத்தனையும் முடிந்த பிறகு ஒரு பையன் கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்தையே திருப்பிவிட்டது. சொகுசுக் கப்பல் பற்றிய காணொலியை ஹைடெக் லேபில் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் நிற்கிறது, பயணிகள் இறங்கி ஊர் சுற்றுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மாலையில் திரும்ப ஏறுகிறார்கள். "ராஜுலாவுல போனவங்களும் இறங்கிச் சுத்திப் பாத்தாங்களா டீச்சர்?"

இல்லை. கட்டணம் கட்டி மேல் வகுப்பில் போனவர்கள் இறங்கினார்கள். டெக் பயணிகளாகப் போன தொழிலாளர்களை முதலில் நோய்த்தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் என்ற தீவு. சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவு. காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் அடைத்து வைத்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். "குவாரண்டைனா டீச்சர்?" என்று வகுப்பே கேட்டது. 2020-ஐக் கண்ட பிள்ளைகள், அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோயைத் தடுக்க முகாம் வேண்டியதுதான், அதில் தவறில்லை. ஆனால் ஒரே கப்பலில் வந்த இரண்டு பேரில் ஒருவர் நேரே ஊருக்குள் போகிறார், மற்றவர் தீவுக்குப் போகிறார் என்றால், அங்கே பார்த்தது நோயை மட்டும்தானா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டேன். விவாதம் நன்றாகவே நடந்தது.

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வந்தோம். சொகுசுக் கப்பலும் எல்லா ஊரிலும் இறங்கிவிட முடியாது. அதே 2022 ஜூனில் புதுச்சேரி அரசு எம்ப்ரஸ் கப்பலுக்கு அனுமதி தரவில்லை, பயணிகள் அந்த ஊரில் இறங்காமலே போனார்கள். அவர்களுக்கு ஒரு நாள் ஏமாற்றம், அவ்வளவுதான். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளில் நின்றது. "துறைமுகம்னா கப்பல் நிக்கிற இடம்" என்று சொன்ன அதே வகுப்பு இப்போது, "யாரை உள்ள விடுறதுன்னு முடிவு பண்ற இடம்" என்று எழுதியது. பாடநூலில் இல்லாத வரையறை. நான் திருத்தவில்லை.

இனிச் சொல்லப்போவதை உங்களிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். அந்த வீட்டாரிடம் கேட்டு, பெயர் சொல்வதில்லை என்ற உறுதியோடு சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் "இடம்பெயர்தல்" பாடம் நடந்தபோது, வீட்டில் யாராவது கடல் கடந்து போனார்களா என்று கேட்டுவரச் சொல்லியிருந்தேன். கண்டிச் சீமை, பர்மா, மலேயா, இன்றைய துபாய், சவூதி என்று பதினேழு பேர் எழுதி வந்தார்கள். ஒரு மாணவி தன் அப்பத்தாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும்.

"எங்க சீயான் பினாங்குக்குப் போனாரு டீச்சரம்மா. யுத்தத்துக்கு முன்னாடி. ரெண்டு மூணு தடவ பணம் வந்துச்சாம். அப்புறம் யுத்தம் வந்துச்சு, காயிதம் நின்னு போச்சு. எங்க அம்மாச்சி சாகுற வரைக்கும் தாலியக் கழட்டல. செத்த தேதி தெரியாம எப்படிக் கழட்டுறதுன்னு கேக்குமாம்."

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவுக்குள் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. கப்பல் நின்றது, தபால் நின்றது. 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. இதை முந்தின வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த மாணவி எழுந்து, "டீச்சர், எங்க அப்பத்தாவோட சீயான் அந்த ரயில் ரோட்டுலதான் செத்தாரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிடுவது எளிது. கதை முடிந்துவிடும், பிள்ளைக்கும் ஒரு விடை கிடைத்துவிடும். "அப்படிச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லம்மா. அந்த ஆண்டுகளில் அங்கே இருந்த நிறையப் பேருக்கு என்ன நடந்தது என்று வரலாறு சொல்லும். உன் சீயானுக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது" என்றேன். அவர் அந்த ரயில் பாதைக்குப் போயிருக்கலாம். தோட்டத்திலேயே காய்ச்சலில் இறந்திருக்கலாம். போர் முடிந்து இன்னொரு குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்திருக்கவும் கூடும். இதைக் கேட்டதும் அந்த அப்பத்தா சிரித்துவிட்டார். "அதையும் எங்க அம்மாச்சி சொல்லும் டீச்சரம்மா. 'இருந்தா இருந்துட்டுப் போறான்'னு சொல்லும்."

இதில் ஆசிரியர்களாகிய நமக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடும்பக் கதைகளை வகுப்புக்குக் கொண்டுவரும்போது, அவற்றைப் பாடத்துக்கு ஏற்றபடி நிரப்பிவிடும் ஆசை நமக்கு வரும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் எழுதப் பழக்குவதுதான் வரலாற்று வகுப்பின் வேலை. அந்த மாணவியின் குறிப்பேட்டில் கடைசி வரி இப்படி இருக்கிறது: "1941க்குப் பிறகு தகவல் இல்லை." அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அது அந்த வீட்டின் துக்கம், நம் பள்ளியின் அலங்காரப் பொருளாகக் கூடாது.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு ராஜுலாவில் இன்னொரு கதவு திறக்கிறது. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார் அல்லவா? அவரை எதிர்த்துக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நசுக்கிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் ராஜுலாவின் உரிமையாளர். பிறகு 1970-களில் நம் அரசின் இந்தியக் கப்பல் கழகம் ஒரு பிரெஞ்சுக் கப்பலை வாங்கி, அதே சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓட்டியது. அதற்கு வைத்த பெயர் எம்.வி.சிதம்பரம், வ.உ.சி.யின் பெயர். ராஜுலா போன தடத்தில் சிதம்பரம் போனது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவையும் முடிந்தது. இதைச் சொன்னால் சுதேசிக் கப்பல் பாடம் 1908-இல் வ.உ.சி. சிறை செல்வதோடு நின்றுவிடாது.

தமிழாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ப.சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளவயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போய் வேலை பார்த்து, போருக்குப் பிறகு திரும்பி, மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் பல்லாண்டு வாழ்ந்தவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரண்டு நாவல்களும் அவருடையவை. பினாங்கும் மேடானும் போர்க்காலக் கடலும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. கடல் இல்லாத மதுரையில் நம்மோடு வாழ்ந்தவர் அந்தக் கடலை எழுதினார். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்த பக்கங்களைக் கொடுக்கலாம். முழு நாவலை முதலில் நாம் படிப்போம்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது? பாடத்திட்டம் முடிக்கணுமே" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான் சார். நான் எடுத்துக்கொண்டது ஆறு பாடவேளை. அதில் இடம்பெயர்தல், தீர்க்கக்கோடு, துறைமுகங்கள் ஆகிய மூன்றும் முடிந்தன. செலவு ஒரு நூல்கண்டும் கொஞ்சம் சுண்ணாம்பும். திருப்புதல் தேர்வில் துறைமுகங்களைக் குறிக்கும் வினாவில் மதிப்பெண் குறையவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

அடுத்த பருவத்தில் நூலைத் தெற்கே ஓட்டப் போகிறோம். இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளர்கள் தங்க வைக்கப்பட்ட மண்டபம் முகாம், 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போன படகு, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி. அதே 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே கடலில் திரும்பி வந்தவர்கள், 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள். போகும்போது தங்க வைத்த அதே மண்டபம்தான் வருபவர்களையும் தங்க வைத்தது. இன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் கப்பல் போகிறது. 2023 அக்டோபர் 14-இல் 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சில மணி நேரப் பயணம். கடவுச்சீட்டு வேண்டும் என்பதால் பிள்ளைகளை அதில் அழைத்துப் போவது எளிதன்று. நாகைத் துறைமுகத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர ஒருநாள் களப்பயணத்துக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.

கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் இந்த வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் பிள்ளைகள் எழுதிவரும் ஊர்ப் பெயர்களையும் துறைமுகப் பெயர்களையும், ஆட்பெயர் இல்லாமல், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வரைபடத்தையும் நூலையும் நான் எடுத்து வருகிறேன்.